ஏழு வீத வேகம்

அத்தியாயம் பதினொன்று

ஒரே வீட்டில் அக்காவும் தங்கையும் பேசாமல் இருந்தால், நடுவில் இருக்கிற அம்மாவுக்குத்தான் வேலை கூடும்.

"அக்காகிட்ட சீப்பைக் குடுக்கச் சொல்லும்மா" என்றாள் லக்ஷிகா. அக்கா ராகினி கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள்.

ஜீவராணி மூத்தவளிடமிருந்து சீப்பை வாங்கி இளையவளிடம் கொடுத்தாள். "ரெண்டு பேரும் ஒரே வேன்ல போகப் போறீங்க. மலையிலிருந்து எம்பிலிப்பிட்டிய வரைக்கும் நான் தபால்காரி வேலை பாக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

சண்டைக்குக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ராகினியின் கம்பெனி விற்கிற புதுத் துடுப்புகளை எம்பிலிப்பிட்டியக் குளத்தில் போட்டு ஓட்டிப் பார்த்த லக்ஷிகா, கரைக்கு வந்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"பாரம் கொறவுதான் அக்கா. ஆனா வேகமெல்லாம் ஒன்னும் கூடல."

"லேப்ல டெஸ்ட் பண்ணி நூத்துக்கு ஏழு வீதம்னு போட்டிருக்காங்க. ஒனக்கு அவங்களவிடத் தெரியுமா?"

"அப்ப நேஷனல் செலக்‌ஷனுக்கு என்னை அனுப்பாதீங்க. அந்த லேப்பையே அனுப்புங்க."

அதோடு இருவரின் வாயும் அடைத்துக்கொண்டது.

ராகினிக்குக் கோபம் வந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. பலாங்கொடை பஜாரில் போன் கடையில் நின்றுகொண்டிருந்தவளை, தமிழும் சிங்களமும் ஒரே ஓட்டமாகப் பேசுகிறாள் என்பதற்காகவே கொழும்பு விளையாட்டுச் சாமான் கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டது. தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து கழுத்துப்பட்டி அட்டையோடு கம்பெனி வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எம்பிலிப்பிட்டியப் படகுக் கிளப் புதுத் துடுப்பு வாங்கினால் நிரந்தரக் கடிதம் கையில் என்று மனேஜர் நஸ்லின் சொல்லியிருந்தார். இன்று அந்தக் கிளப்பின் முன்னால் துடுப்பை ஓட்டிக் காட்டும் நாள். ஓட்டப்போகிறவள், அந்தக் கிளப்பிலேயே படகோட்டுகிற லக்ஷிகா. மைக்கில் பேசப்போகிறவள் ராகினி.

இதைவிடப் பெரிய விசேஷம் அப்பா பழனியப்பனுக்கு வேறு இல்லை. ஸ்கூல் வேன் ஓட்டுகிற அவர், சனிக்கிழமையானாலும் வேனைக் கழுவித் துடைத்து, பக்கத்து லயத்து ஆட்களையெல்லாம் ஏற்றிக்கொண்டார். "மூத்தது மைக்கில பேசுது. சின்னது படகு ஓட்டுது. வந்து பாத்துட்டுப் போங்க" என்று மலை முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

மலையில் வேனில் ஏறும்போது எல்லோர் தோளிலும் ஸ்வெட்டர் இருந்தது. வேன் வளைந்து வளைந்து கீழே இறங்க இறங்க ஒவ்வொன்றாய் மடிக்கு வந்தன. தேயிலை போய், ரப்பர் போய், தேக்கும் வாழையும் வந்தபோது ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. ஆடி மாதத்துக் காற்று வேனுக்குள் புகுந்து பெண்களின் தலைமயிரைக் கலைத்தது. ராகினி ஒரு கையால் மயிரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். பின் இருக்கையில் லக்ஷிகா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

குளக்கட்டில் ஏறியதும் பழனியப்பன் வேனை நிறுத்திவிட்டார்.

"அந்தா பாருங்க."

கட்டின்மேல் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பெரிய பேனர் படபடத்துக்கொண்டிருந்தது. மூன்று மொழியிலும் எழுத்து. 'தண்ணீரில் வழுக்காத அலகு. ஏழு வீதம் கூடுதல் வேகம். விஞ்ஞானம் சொல்கிறது.' தமிழ் வரி ராகினி எழுதியது. தான் எழுதிய தமிழை அத்தனை பெரிய எழுத்தில் அவள் பார்த்ததே இல்லை. நெஞ்சு நிறைந்துதான் போனது. பொய் சொல்லிப் பிரயோசனமில்லை.

நஸ்லின் வெள்ளைக் காரிலிருந்து இறங்கி வந்தார். நல்ல மனிதர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடைக்காரர்களிடம் எப்படிப் பேசுவது, எங்கே நிறுத்துவது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கம்பெனித் தொப்பி ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"பயப்படாதீங்க ராகினி. நான் எழுதித் தந்ததை அவசரப்படாம ஆறுதலா செல்லுங்க. மிச்சத்தைத் துடுப்பு பாத்துக்கொள்ளும்." சொல்லுங்க என்பது அவர் வாயில் செல்லுங்க என்றுதான் வரும்.

கரையோரத்து வாகை மரத்தடியில் ஒரு நீள வாங்குப் பலகையில், கிளப் பனியன் போட்ட சின்னப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். படகோட்டப் பழக்கும் பர்ஸானா மிஸ் அவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தார். ராகினி அவரிடம் போய் வணக்கம் சொன்னாள்.

"இவ்வளவு பிள்ளைங்களா மிஸ்? எல்லாரும் ஓட்டுவாங்களா?"

"எங்க ஓட்டுறது?" என்று பர்ஸானா சிரித்தார். "பழகுறதுக்கு அகலமான படகு ஒன்னுதான் இருக்கு. வாரம் முழுக்க வந்து, வாங்கிலயே உக்காந்துட்டுப் போற பிள்ளைங்கதான் கூட. ரெண்டாவது படகு வாங்கத்தான் ஊர்ல எல்லார்கிட்டயும் காசு சேர்த்தோம். இப்ப கமிட்டிக்குப் புதுத் துடுப்புல ஆசை வந்திருக்கு. ஏழு வீதம்னா சும்மாவா? படகா துடுப்பாங்கிறது இன்னைக்குத் தெரியும்."

ராகினிக்கு இது புதுச் செய்தி. கிளப் துடுப்பு வாங்கும் என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. எதை விட்டுவிட்டு வாங்கும் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஓட்டம் தொடங்கியது. ஏற்பாடு எளிமையானது. லக்ஷிகா ஒற்றையாள் படகில், கிளப்பின் பழைய துடுப்புகளோடு, குளக்கட்டுப் படியிலிருந்து நடுக்குளத்துச் சிவப்பு மிதவை வரை போக வேண்டும். அங்கே காவல் படகில் காத்திருக்கிற ஆள் புதுத் துடுப்புகளை மாற்றிக் கொடுப்பார். அவற்றோடு திரும்பி வர வேண்டும். இரண்டுக்கும் பிடித்த நேரத்தை ஒப்பிட்டுக் காட்டுவார்கள். ராகினி இதை மைக்கில் சிங்களத்திலும் தமிழிலும் சொன்னபோது கூட்டத்தின் நடுவில் பழனியப்பன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

லக்ஷிகா போனாள். முதுகை மிதவைப் பக்கம் காட்டி, முகத்தைக் கரைப் பக்கம் வைத்து, முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டு போனாள். அலை படகின் மூக்கில் அடித்துச் சிதறியது. அவள் தோள் பாடுபடுவது கரையிலிருந்தே தெரிந்தது. "ஏன் இப்புடிக் கஷ்டப்படுது புள்ள" என்று ஜீவராணி முணுமுணுத்தாள்.

மிதவையில் துடுப்பு மாறியது. திரும்பி வருகையில் படகு பறந்தது. தோட்டத்துச் சனம் எழுந்து நின்று கைதட்டியது. வாங்கில் இருந்த பெண்கள் லக்ஷிகாவின் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். கிளப் தலைவர் விஜேபால மாத்தயா, எம்பிலிப்பிட்டியவில் தளபாடக் கடை வைத்திருப்பவர், ஊருக்கே 'மாத்தயா', அதாவது ஐயா, நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

நஸ்லின் நேரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது.

"ஏழு வீதம் இல்ல ராகினி. அதைப் போல மூணு மடங்கு."

அந்த இடத்தில்தான் ராகினிக்கு என்னவோ இடறியது.

போன் கடையிலும் இங்கேயுமாக எத்தனையோ சாமான் விற்றிருக்கிறாள். விளம்பரம் சொன்னதைவிடக் குறைவாக வேலை செய்கிற சாமானை நிறையப் பார்த்திருக்கிறாள். விளம்பரம் சொன்னதைவிட மூன்று மடங்கு வேலை செய்கிற சாமானை ஒருநாளும் கண்டதில்லை.

அவள் தலையிலிருந்த தொப்பி கழன்று பின்னால் பறந்தது. எடுக்கத் திரும்பினாள். தொப்பி குளக்கட்டின் அந்தப் பக்கச் சரிவில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. பேனர் வயிறு புடைத்து, கரைப் பக்கமாகத்தான் இழுத்துக்கொண்டு நின்றது. நடுக்குளத்திலிருந்து அலைகள் ஒன்றின்பின் ஒன்றாய் படியை நோக்கி வந்துகொண்டிருந்தன.

அம்மியையே பறக்க வைக்கிற காற்று. போகும்போது லக்ஷிகாவின் முதுகில் அடித்துப் பின்னுக்குத் தள்ளிய அதே காற்றுதான், வரும்போது படகைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் சேர்த்திருக்கிறது.

லக்ஷிகா படகை விட்டு இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தாள். விஜேபால மாத்தயா அவள் தோளைத் தட்டி, தங்கை முறை சொல்லிச் சிங்களத்தில் கேட்டார்: "எப்படி இருந்தது நங்கி, புதுத் துடுப்பு?"

ராகினி மைக்கைத் தாழ்த்தித் தங்கையைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள். போன ஞாயிறு சொன்னதைத்தானே சொல்லப் போகிறாள்? எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

லக்ஷிகா ஒரு கணம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாரம் கொறவு சேர்" என்றாள். அவ்வளவுதான். தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள்.

பொய்யும் சொல்லவில்லை. அக்காவைக் காட்டியும் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நூல் பிடித்தாற்போல் ஒரு வழியைத் தேடி, அதன் வழியே நடந்து போய்விட்டாள். தன்னோடு ஒரு வாரமாகப் பேசாத தங்கை தனக்காக வாயை மூடிக்கொண்டு போகிறாள் என்பது ராகினிக்கு விளங்கியது.

"செல்லுங்க ராகினி" என்றார் நஸ்லின், காதருகில். "சனம் சூடா இருக்கி. இப்பவே செல்லுங்க."

ராகினி மைக்கை வாயருகே கொண்டு போனாள். எழுதி வைத்த வாசகம் நாக்கு நுனியில் இருந்தது. வாங்கில் இருந்த சின்னப் பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்று சிங்களத்தில் தொடங்கினாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. "பழைய துடுப்போட போகும்போது எதிர்க்காத்து. புதுத் துடுப்போட வரும்போது காத்து பின்னால இருந்து தள்ளுது. அதனால இப்ப நீங்க பார்த்த வேகத்துல எவ்வளவு துடுப்போடது, எவ்வளவு காத்தோடதுன்னு நமக்குத் தெரியாது. மாத்திப் போட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துட்டு முடிவெடுங்க."

பிறகு அதையே தமிழில் சொன்னாள். தமிழில் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை.

நஸ்லினின் முகம் வெளுத்தது. "மைக்கை ஆஃப் பண்ணுங்க. என்ன வேலை இது?"

"சேர், துடுப்பு நல்லதுன்னா எதிர்க்காத்துலயும் ஜெயிக்கும்தானே?"

நஸ்லின் மைக்கை வாங்கக் கை நீட்டினார். அதற்குள் விஜேபால மாத்தயா "ஹரி, ஹரி, சரிதான், ஓட்டிப் பார்ப்போம்" என்று கையை உயர்த்திவிட்டார்.

லக்ஷிகாவுக்கு நன்றாக இளைப்பாற நேரம் கொடுத்தார்கள். அதன்பின் புதுத் துடுப்போடு காற்றை எதிர்த்துப் போனாள். பழைய துடுப்போடு காற்றோடு வந்தாள். இப்போது பழைய துடுப்பு ஜெயித்தது. அதுவும் பெரிய வித்தியாசத்தில்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "அப்ப பழசைத்தான் நூத்துக்கு இருபதுன்னு விக்கணும்" என்று யாரோ சிங்களத்தில் சொன்னார்கள்.

பர்ஸானா மிஸ் சிரிக்கவில்லை. நேரக் கடிகாரத்தை நஸ்லினிடமிருந்து மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். கிளப்பின் இன்னொரு படகோட்டி விஜயகலாவையும் சேர்த்து, ஒரே திசையில், ஒரே தூரத்துக்கு, துடுப்பை மட்டும் மாற்றி மாற்றி ஓடவிட்டார். வெயில் ஏறி உச்சிக்கு வந்தபோது சேதி தெளிவாகிவிட்டது. ஒருமுறை புதியது கொஞ்சம் முந்தும். அடுத்தமுறை பழையது முந்தும். ஒருத்தி தும்மினால் மாறிப்போகிற வித்தியாசம்தான் எல்லாம்.

விஜேபால மாத்தயா ராகினியைக் கூப்பிட்டார்.

"மகள், நீயே சொல்லு. இதை நாங்கள் எதற்கு வாங்க வேண்டும்?"

"வேகத்துக்காக வாங்காதீங்க மாத்தயா" என்றாள் ராகினி. "ஆனா நல்ல துடுப்புதான். பாரம் இல்ல. பிடியோட நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். சின்னப் பிள்ளைங்க கைக்கு வசதி. அவங்களுக்கு மட்டும் ரெண்டு மூணு ஜோடி வாங்கினாப் போதும். பெரியவங்களுக்கு இருக்கிறதே காணும், வேற வேணாம்."

அவர் கேட்டுத் தலையசைத்தார். பிறகு கமிட்டிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். அவர்கள் திரும்பி வந்தபோது பர்ஸானா மிஸ் ஓடிப்போய் வாங்கில் இருந்த பெண்களைக் கட்டிக்கொண்டதிலிருந்தே முடிவு தெரிந்துவிட்டது. ரெண்டாவது படகு வாங்குவதென்று தீர்மானம். சின்னவர்களுக்கு மூன்று ஜோடித் துடுப்பு, ராகினியிடமே.

நஸ்லின் பேனரைத் தானே அவிழ்த்துக்கொண்டிருந்தார். ராகினி மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக மடித்தார்கள்.

"காத்து எனக்கு வெளங்கல்லன்னு நெனச்சீங்களா?" என்றார் கடைசியில், அவளைப் பார்க்காமல். "கொழும்புலதான் இப்படி ஓட்டச் செல்லி அனுப்புறாங்க. காத்தைப் பாத்துத்தான் கரையையே தெரிவு செய்றது. எத்தனையோ இடத்துல செஞ்சிட்டேன்."

"எனக்குச் சொல்லலையே சேர்."

"செல்லியிருந்தா நீங்க மைக்கைத் தொட்டிருக்க மாட்டீங்க." பேனரைக் காருக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார். "நடந்ததை நான் மேல அறிவிக்கத்தான் வேணும். உங்க வேலை விஷயம் இனி என் கையில இல்ல. என்ட வேலையும் எப்படியோ தெரியாது." காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கினார். "ஆனா மூணு ஜோடி வித்துட்டீங்க. அதையும் செல்றேன்."

கார் போனபின் ராகினி அப்பாவைத் தேடினாள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பழனியப்பன் கூட்டத்தை விட்டு விலகி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து லயத்து இராமசாமி வேனில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"என்னா பழனியப்பா. ஒம் மக விக்க வந்த சாமானை ஒம் மகளே வேணாம்னு சொல்லிருச்சே. கம்பெனிக்காரன் விடுவானா?"

பழனியப்பன் துணியை உதறினார். முகத்தில் வருத்தம் இல்லாமல் இல்லை. மலை முழுக்கச் சொல்லி வைத்த மனிதர். வாரத் தொடக்கத்தில் எத்தனை பேர் கேட்பார்கள்?

"ஏன் மாமா, நீங்க என்னை நம்பித்தானே இந்த வளைவெல்லாம் எறங்கி வந்தீங்க? வேன்ல பிரேக் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாம ஏத்திக்கிட்டு வந்திருப்பேனா?"

"அதெப்புடி?"

"அதைத்தான் அவளும் செஞ்சிருக்கா." துணியைப் பிழிந்து வேனுக்குள் போட்டார். பின்னால் மகள் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். "சாப்பிட்டியா? ஒங்கம்மா சோத்துப் பார்சலை வச்சிக்கிட்டுத் தேடுறா" என்று மட்டும் சொன்னார்.

ராகினிக்கு அது போதுமாக இருந்தது.

படியருகே லக்ஷிகா அகலமான பயிற்சிப் படகைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"செருப்பைக் கழட்டு."

"எதுக்கு?"

"துடுப்பு விக்கிறவ ஒரு நாளாவது துடுப்பைப் பிடிச்சிப் பாக்க வேணாமா? வா, ஏறு."

"ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாதுடி."

"லைப் ஜாக்கெட் இருக்கு. நான் இருக்கேன்."

வாரம் முழுக்க அம்மா வழியாகவே பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரே படகில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள். படகு ஆடியது. ராகினி ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கரையில் வாங்குப் பெண்கள் சிரித்தார்கள்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றாள் ராகினி, திரும்பாமல்.

"நானும்தான். லேப்பை அனுப்புன்னு சொல்லியிருக்கக் கூடாது." பின்னாலிருந்து லக்ஷிகாவின் குரலில் சிரிப்பு. "ஆனா நல்லாத்தான் சொன்னேன் இல்ல?"

"வாயை மூடு. ஏன்டி அவர்கிட்ட ஒன்னும் சொல்லல?"

"ஒன் வேலை. நீதான் சொல்லணும்." துடுப்பை எட்டி அவள் கையில் சரியாக வைத்தாள். "இறுக்கிப் பிடிக்காத. இப்ப இழு."

ராகினி இழுத்தாள். முதல் இழுப்பில் தண்ணீர் மேலே தெறித்ததுதான் மிச்சம். இரண்டாவதில் துடுப்பு ஆழமாய் மாட்டிக்கொண்டது. அடுத்ததில் எப்படியோ படகு நகர்ந்தது. தண்ணீர் கனமாக இருந்தது. கைக்கு எதிராக நின்று, பிறகு வழிவிட்டது. கரை மெல்லத் தள்ளிப் போனது. அப்பாவும் வேனும் வாகை மரமும் சின்னதாகிக்கொண்டு போனதை அவள் பார்த்துக்கொண்டே இழுத்தாள். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. ஆனாலும் தோள் சுமையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

அப்போது கரையில் ஜீவராணி கையை ஆட்டினாள். அவள் கையில் ராகினியின் போன்.

"ராகினி, கொழும்புலருந்து பேசுறாங்க."

"நஸ்லின் சேரா?" என்று லக்ஷிகா கேட்டாள்.

"அவர் இன்னும் கொழும்புப் பாதையில பெல்மதுளைகூடத் தாண்டியிருக்க மாட்டாரே" என்றாள் ராகினி.

ஜீவராணி போனைக் காதில் வைத்து, தூரத்து ஆட்களோடு பேசுகிற உரத்த குரலில், தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவ தண்ணிக்கு நடுவுல இருக்கா சேர். கொஞ்சம் பொறுக்கணும். கரைக்கு வந்ததும் பேசுவா." கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு போனை இறக்கிக் குளத்தைப் பார்த்துத் தமிழில் கத்தினாள்.

"கம்பெனி மொதலாளியாம். நஸ்லின் சேர் வழியிலயே போன் போட்டு எல்லாம் சொல்லிட்டாராம். வச்சிட்டுப் போக மாட்டாராம். மைக்கில பேசின புள்ளதான் வேணுமாம்."

ராகினி இழுப்பதை நிறுத்தினாள். காற்று படகை லேசாகப் பக்கவாட்டில் சரித்தது.

"அக்கா" என்றாள் லக்ஷிகா மெதுவாக, "திருப்பணும்னா வலது கையை நிறுத்து. இடது கையால மட்டும் இழு."

ராகினி வலது துடுப்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். இடது கையால் ஒரு இழுப்பு. இன்னொன்று. படகு தயங்கி, பிறகு மெல்லக் கரையை நோக்கித் திரும்பத் தொடங்கியது.